வல்லரசுகளின் பகையும் குழந்தையின் பாலும்

யுத்தம் என்றால் அதற்கு ஒரு களம் உண்டு. களத்தில் நிற்பவன் தான் எதற்காக நிற்கிறான் என்பதை ஒருவாறு அறிந்திருப்பான். களத்துக்கு அப்பால் உழுகிறவன் உழுதுகொண்டிருப்பான் என்பதே நம் முன்னோர் கொண்டிருந்த கொள்கை. பசுக்களையும் பார்ப்பாரையும் பெண்டிரையும் பிணியுற்றோரையும் மகப்பேறு வாய்க்காதோரையும் அரண் தேடிக்கொள்ளுமாறு முன்கூட்டி அறிவித்த பின்னரே அம்பு தொடுக்கும் அறநெறியைப் பாண்டியன் முதுகுடுமியின் பெருமையாக நெட்டிமையார் என்னும் புலவர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். பகைவன் நாட்டுப் பசுவுக்கும் எச்சரிக்கை கொடுத்த காலம் அது.

இரண்டாவது உலக மகாயுத்தம் 1945-ஆம் வருஷம் முடிந்தபின் அமெரிக்காவுக்கும் ஸோவியத் ருஷியாவுக்கும் இடையே மூண்ட பகைமைக்குப் பனிப்போர் என்றும், கெடுபிடி யுத்தம் என்றும் தமிழில் பெயர் வழங்கிற்று. இரண்டு வல்லரசுகளும் ஒன்றன்மேல் ஒன்று நேரே படையெடுக்கவில்லை. ஆதலின் அது நடவாத யுத்தம் என்றும், அணுகுண்டின் அச்சமே உலகத்தைக் காப்பாற்றியது என்றும் சொல்வோர் பலர். இந்த அபிப்பிராயத்தை நாம் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த யுத்தம் நடந்தது. மீன் சந்தையிலும், ஆட்டு மந்தையிலும், பால் பாத்திரத்திலும், பள்ளிக்கூடத்திலும், குழந்தையின் பல்லிலும் நடந்தது. அதில் காயம் பட்டவர்கள் படை வீரர்கள் அல்லர். தங்கள் மீது யுத்தம் நடக்கிறது என்பதையே அறியாதிருந்த குடும்பஸ்தர்கள். அந்தக் கணக்கை வாசகர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். வல்லரசுகளின் போட்டி மறுபடி தலைதூக்கும் இக்காலத்தில் பழைய கணக்கைப் புரட்டிப் பார்ப்பது வீண் வேலையன்று.

போட்டி வளர்ந்த விதம்

1945 ஆகஸ்டு 6-ந் தேதி ஹிரோஷிமாவும், 9-ந் தேதி நாகசாகியும் அழிந்தன. அப்பொழுது அந்த ஆயுதம் ஒரே தேசத்தின் கையில் இருந்தது. மறு வருஷமே அதைச் சர்வதேச அதிகாரத்தின் கீழ்க் கொண்டுவர ஐக்கிய நாடுகள் சபையில் பேச்சு நடந்தது. முதலில் மேற்பார்வை, பிறகு குண்டுகளை ஒழிப்பது என்றது அமெரிக்கா. முதலில் குண்டுகளை ஒழிப்பது, பிறகு மேற்பார்வை என்றது ருஷியா. முதலில் எது என்ற வாதம் முடிவதற்கு முன்பே ருஷியாவும் குண்டு செய்துவிட்டது. 1949 ஆகஸ்டு 29-ந் தேதி கஸாக் நாட்டுப் புல்வெளியில் செமிபாலதின்ஸ்க் என்னும் நகரத்துக்கு மேற்கே அதன் முதல் சோதனை நடந்தது.

அதன்பின் போட்டிக்கு எல்லையே இல்லாமற் போயிற்று. 1952-ல் அமெரிக்கா ஹைட்ரஜன் முறையில் ஒரு சாதனத்தை வெடித்தது. 1953-ல் ருஷியா தன் ஹைட்ரஜன் சோதனையைச் செய்தது. 1961 அக்டோபர் 30-ந் தேதி ருஷியா வடதுருவப் பிரதேசத்தில் வெடித்த குண்டின் வலிமை 50 மெகா டன். அதாவது ஹிரோஷிமாவை அழித்த குண்டைப்போல் மூவாயிரம் மடங்குக்கு மேல். எந்தப் படையையும் எந்தக் கோட்டையையும் அழிப்பதற்கு அவ்வளவு பெரிய குண்டு தேவையில்லை என்பதை அதைச் செய்தவர்களே அறிவார்கள். எதிரியின் கண்ணுக்குக் காட்டுவதற்காகவே அது செய்யப்பட்டது. உலகம் முழுவதிலுமாக இதுவரை நடந்த அணு ஆயுதச் சோதனைகள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவை. இவற்றைச் சோதனை என்கிறார்கள். சோதனைக்கு உள்ளானவர்கள் யார் என்பதுதான் கேள்வி.

தர்மகர்த்தாவின் தர்மம்

பசிபிக் சமுத்திரத்தில் மார்ஷல் தீவுகள் என்னும் சிறு தீவுக் கூட்டம் இருக்கிறது. தென்னையும் தாழையும் மீனுமே அந்த ஜனங்களின் சொத்து. 1946 பிப்ரவரி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிகினித் தீவின் ஜனங்கள் பிரார்த்தனை முடிந்து கூடியிருக்கையில் அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஒருவர் அவர்கள் முன் வந்தார். மனித குலத்தின் நன்மைக்காகவும், யுத்தங்களுக்கெல்லாம் முடிவு கட்டுவதற்காகவும் அவர்கள் தங்கள் தீவைச் சில காலம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று கேட்டார். 167 பேர் மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். குடியேற்றப்பட்ட தீவில் போதிய உணவில்லை. இரண்டு வருஷத்துக்குள் பட்டினியால் நலிந்து வேறிடம் போக நேர்ந்தது. 1970-க்குப் பின் சில குடும்பங்கள் பிகினிக்குத் திரும்பின. அந்த மண்ணில் விளைந்ததை உண்டு அவர்கள் உடலில் விஷம் ஏறுவது கண்டு 1978-ல் மறுபடி அவர்களை அப்புறப்படுத்தினார்கள். சில காலம் என்று சொன்ன தவணை இன்னும் முடியவில்லை.

1947-ல் ஐக்கிய நாடுகள் சபை இத்தீவுகளை அமெரிக்காவிடம் தர்மகர்த்தப் பொறுப்பாக ஒப்படைத்தது. தர்மகர்த்தா என்ற சொல்லுக்கு நம் நாட்டில் ஒரு பொருள் உண்டு. பிறர் சொத்தைத் தன் சொத்தைவிடக் கவனமாகக் காப்பவனே தர்மகர்த்தா. இந்தத் தர்மகர்த்தாவோ தன் பாதுகாப்பில் விடப்பட்ட நிலத்திலும் நீரிலும் 1946 முதல் 1958 வரை 67 அணு வெடிப்புகளை நடத்தினார்.

அவற்றில் மிகப் பெரியது 1954 மார்ச்சு 1-ந் தேதி பிகினியில் வெடித்தது. ஏறக்குறைய 6 மெகா டன் என்று விஞ்ஞானிகள் எதிர்பார்த்தார்கள். 15 மெகா டன் வலிமையோடு வெடித்தது. கிழக்கே சுமார் 100 மைல் தூரத்தில் ரோங்கிலாப் என்ற தீவு. அங்குள்ள ஜனங்களை முன்கூட்டி அப்புறப்படுத்தவில்லை. சில மணி நேரத்தில் வானத்திலிருந்து வெண்ணிறத் தூள் உதிர்ந்தது. குண்டின் வெப்பத்தில் பொடியாகி மேலெழுந்த பவளப் பாறையின் சாம்பல் அது. குழந்தைகள் அதில் விளையாடினார்கள். குடிக்கும் நீரிலும் அது விழுந்தது. இரவுக்குள் வாந்தியும் எரிச்சலும் கண்டன. பின்னர்த் தோல் வெந்தது, தலைமயிர் உதிர்ந்தது. இரண்டு நாட்களுக்குப் பிறகே கப்பல் வந்து அவர்களை ஏற்றிச் சென்றது.

1957-ல், இனி அபாயமில்லை என்று சொல்லி அவர்களை அதே தீவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். வருஷந்தோறும் டாக்டர்கள் வந்து பரிசோதித்துச் சென்றார்கள். அடுத்த சில வருஷங்களில் அன்று குழந்தைகளாக இருந்தோர் பலரின் கழுத்துச் சுரப்பியில் கட்டிகள் தோன்றின. தங்களுக்கு வைத்தியம் நடக்கிறதா, தங்களைக்கொண்டு ஆராய்ச்சி நடக்கிறதா என்ற ஐயம் அந்த ஜனங்களுக்கு எழுந்ததில் என்ன வியப்பு? கடைசியில் 1985-ல் எந்தச் சர்க்காரின் உத்தரவுக்கும் காத்திராமல் அவர்களே தங்கள் தீவைத் துறந்து வெளியேறினார்கள்.

மீன் சந்தையில் விழுந்த சாம்பல்

அதே மார்ச்சு 1-ந் தேதி, அபாய எல்லை என்று அமெரிக்கா அறிவித்திருந்த பகுதிக்கு வெளியே, ஜப்பானிய மீன்பிடிக் கப்பல் ஒன்று வலை விரித்திருந்தது. அதன் பெயர் ஐந்தாவது நற்பேற்று நாகம் என்று பொருள்படும். அதில் இருந்தவர் 23 பேர். மேற்கே சூரியன் உதித்தாற் போன்ற ஒளியைக் கண்டார்கள். பின்பு சாம்பல் மழையில் நனைந்தார்கள். இரண்டு வாரம் கழித்து யாயிஸு துறைமுகத்தை அடைந்தபொழுது எல்லாருமே நோயாளிகள். அவர்கள் கொண்டுவந்த மீன் சந்தைக்குப் போய்விட்டது என்று தெரிந்ததும் ஜப்பான் முழுவதும் திகில் பரவிற்று. மீனை உண்டு வாழும் தேசத்தில் மீனை வாங்க ஆளில்லை. கப்பல் கப்பலாக மீனைக் கொட்டிப் புதைத்தார்கள். கப்பலின் கம்பியில்லாத் தந்தி ஊழியராயிருந்த குபோயாமா அந்த வருஷம் செப்டம்பர் 23-ந் தேதி தமது நாற்பதாவது வயதில் காலமானார். அமெரிக்கா 20 லக்ஷம் டாலர் கொடுத்தது. ஆனால் சட்டப்படி தனக்குப் பொறுப்பு இல்லை என்று சொல்லிக் கொடுத்தது.

இங்கே ஒரு விஷயத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஹிரோஷிமா, நாகசாகி பற்றிப் பேசவும் எழுதவும் ஆக்கிரமிப்புக் காலத்தில் தடையிருந்த ஜப்பானில், 1954-ல் முதலில் குரல் எழுப்பியவர்களில் டோக்கியோவின் சுகினாமி வட்டாரத்துப் பெண்கள் முக்கியமானவர்கள். அவர்கள் வீட்டுக்கு வீடு சென்று கையெழுத்து வாங்கினார்கள். அந்த இயக்கம் நாடெங்கும் பரவி, மறு வருஷம் ஆகஸ்டு மாதத்துக்குள் மூன்று கோடிக்கு மேற்பட்ட கையெழுத்துகள் சேர்ந்தன. சமையலறையில் மீன் நறுக்கும் பலகையிலிருந்து பிறந்த அரசியல் அது. அதே 1954 ஏப்ரலில் மார்ஷல் தீவு ஜனங்களும் ஐக்கிய நாடுகள் சபைக்கு மகஜர் அனுப்பினார்கள். சோதனைகளை நிறுத்துங்கள், நிறுத்த முடியாவிட்டால் எங்களுக்குப் போதிய பாதுகாப்பாவது செய்யுங்கள் என்பதே அவர்கள் கேட்டது. இதைவிடப் பணிவாகக் கேட்க முடியாது. பணிவான மகஜருக்குக் கிடைத்த பதில் இன்னும் நான்கு வருஷச் சோதனைகள்.

சொந்தக் குடிகளும் அந்நியரே

தூரத்துத் தீவுவாசிகளும் தோற்ற தேசத்து மீனவர்களுமே இவ்வாறு துன்புற்றார்கள் என்று எண்ணினால் அது தவறு. வல்லரசுகள் தங்கள் சொந்தப் பிரஜைகளையும் அந்நியரைப்போலவே நடத்தின.

அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் 1951 ஜனவரி முதல் வானவெளிச் சோதனைகள் தொடங்கின. அங்கு நிலத்துக்கு மேலே மாத்திரம் 100 வெடிப்புகள் நடந்தன. காற்று கிழக்கு நோக்கி வீசும்பொழுதே பெரும்பாலும் வெடித்தார்கள். மேற்கே பெருநகரங்கள் இருந்தன. கிழக்கே யூட்டா மாகாணத்தின் சிற்றூர்கள் இருந்தன. 1953-ல் அங்கே ஆயிரக்கணக்கான ஆடுகள் மாண்டன. மந்தைக்காரர்கள் வழக்குத் தொடுத்தபொழுது, கதிரியக்கம் காரணமல்ல என்று சர்க்கார் தரப்பில் சாதித்து வழக்கை வென்றார்கள். அபாயமில்லை என்றே ஊராருக்கும் சொல்லி வந்தார்கள்.

அபாயம் இருப்பது அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தவர்களுக்குச் சொன்னார்கள். காற்றில் கலந்த கதிரியக்கத் தூள் புகைப்படச் சுருள்களைக் கெடுக்கிறது என்று கோடாக் கம்பெனி முறையிட்டதன் பேரில், எப்பொழுது சோதனை நடக்கும், தூள் எந்தத் திசையில் போகும் என்ற தகவல்களைப் புகைப்படச் சுருள் உற்பத்தியாளர்களுக்கு முன்கூட்டியே இரகசியமாக அறிவிக்கச் சர்க்கார் ஏற்பாடு செய்தது. இது 1997-ல் அமெரிக்க செனட் விசாரணையில் வெளியான செய்தி. பால்காரர்களுக்கோ தாய்மார்களுக்கோ அத்தகைய எச்சரிக்கை எதுவும் கொடுக்கப்படவில்லை. தூள் புல்லில் விழுந்தது; புல்லைப் பசு தின்றது; பசுவின் பாலைக் குழந்தை குடித்தது; பாலில் இருந்த கதிரியக்க அயோடின் குழந்தையின் கழுத்துச் சுரப்பியில் போய்த் தங்கிற்று. அந்த அயோடின் எட்டு நாட்களில் பாதியாகத் தேய்ந்துவிடும் தன்மையது. பாலை நேரே குடிக்கக் கொடுக்காமல் பொடியாக்கிச் சில வாரம் வைத்திருந்தால் போதும். பெரும்பகுதி ஆபத்து நீங்கியிருக்கும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தடுத்திருக்கக்கூடிய தீங்கு இது. முதுகுடுமி பகைவர் நாட்டுப் பசுவுக்கும் எச்சரிக்கை கொடுத்தான் என்று மேலே சொன்னோம். இவர்கள் தங்கள் சொந்தப் பசுவுக்கும் கொடுக்கவில்லை. புகைப்படச் சுருளுக்குக் கொடுத்தார்கள். 1990-ல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றி, மன்னிப்புக் கேட்டு, நோயுற்றோருக்கு 50,000 டாலர் வீதம் கொடுக்க முன்வந்தது. அதற்குள் கேட்க வேண்டியவர்களில் பலர் மண்ணுக்குள் போயிருந்தார்கள்.

பாட்டாளிகளின் இராஜ்யம் என்று சொல்லிக்கொண்ட ருஷியாவில் நிலைமை மேலானதா? மேலானது என்று சொல்ல நமக்கும் ஆசைதான், சாட்சியம் இடங்கொடுக்கவில்லை. செமிபாலதின்ஸ்கில் 1949 முதல் 1989 வரை 456 சோதனைகள் நடந்தன. சுற்றிலும் ஆடு மேய்த்தும் குதிரை வளர்த்தும் வாழும் கஸாக் கிராமத்தார். அவர்கள் உடல்நிலையை ஆராய்வதற்கு 1957-ல் நகரத்தில் ஒரு வைத்திய நிலையம் நிறுவினார்கள். அதன் வாயிலில் இருந்த பெயர் கால்நடைகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் ஒரு காய்ச்சலைத் தடுக்கும் நிலையம் என்பது. உள்ளே நடந்தது கதிரியக்கத்தின் விளைவுகளைக் குறிக்கும் வேலை. தன் நோய்க்குக் காரணம் தான் வளர்த்த ஆடு என்று கிராமத்தான் எண்ணிக்கொண்டிருக்க, உண்மைக் காரணம் மாஸ்கோவில் இரகசியக் கட்டுகளில் உறங்கிற்று.

யூரல் மலைப் பக்கத்தில் மாயாக் என்னும் குண்டுத் தொழிற்சாலையின் கழிவுகளை 1949 முதல் டெச்சா என்ற சிற்றாற்றில் விட்டார்கள். கரையோரக் கிராமத்தார் அதே ஆற்று நீரைக் குடித்தார்கள். 1957 செப்டம்பர் 29-ந் தேதி அங்கே கழிவுத் தொட்டி ஒன்று வெடித்தது. அடுத்த ஒன்றிரண்டு வருஷங்களில் பத்தாயிரம் பேர் வரை தங்கள் ஊர்களை விட்டு அகற்றப்பட்டார்கள். ஏன் என்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. அந்த விபத்து நடந்தது என்பதை ஸோவியத் சர்க்கார் ஒப்புக்கொண்டது 1989-ல்தான்.

தனி மனித சுதந்திரம் என்று ஒருவர் முழங்கினார். சமத்துவம் என்று மற்றவர் முழங்கினார். சித்தாந்தத்தில் வடதுருவமும் தென்துருவமும் போன்றவர்கள், சொந்த ஜனங்களிடம் உண்மையை மறைப்பதில் மாத்திரம் ஒருமித்திருந்தார்கள். எதிரிக்குத் தெரியக்கூடாது என்பது அவர்கள் சொன்ன காரணம். ஆற்றில் விஷம் இருக்கிறது என்பதை ஆற்றங்கரைக் கிழவிக்குச் சொன்னால் எந்த எதிரிக்கு என்ன இலாபம்? எதிரிக்கு அஞ்சி அல்ல, குடிகளுக்கு அஞ்சியே மறைத்தார்கள் என்பது நம் துணிபு.

பயமும் பணமும்

விஷம் எட்டாத ஊர்களுக்குப் பயம் எட்டிற்று. அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் மணி அடித்ததும் குழந்தைகள் மேஜைக்கடியில் குனிந்து பிடரியைக் கையால் மூடிக்கொள்ளப் பழக்கப்பட்டார்கள். ஆமை ஒன்று ஓட்டுக்குள் ஒடுங்குவதைக் காட்டி அவர்களுக்குப் பாடம் புகட்ட 1951-ல் ஒரு படம் எடுத்தார்கள். நியூயார்க் நகரில் பள்ளிக் குழந்தைகளுக்கு உலோக வில்லைகள் வழங்கினார்கள்; குண்டு விழுந்தபின் எந்தக் குழந்தை யாருடையது என்று அடையாளம் காண்பதற்காக. அரைஞாணும் தாயத்தும் கட்டிக் குழந்தைக்கு நீண்ட ஆயுள் வேண்டும் தாய்மார்கள் இந்த வில்லையை எப்படி அணிவித்திருப்பார்கள் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

பணத்தின் கதை தனிக் கதை. 1953 ஏப்ரல் 16-ந் தேதி ஜனாதிபதி ஐஸன்ஹோவர் பத்திரிகை ஆசிரியர்களின் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கத்தில், ஒரு பெரிய குண்டுவீச்சு விமானத்துக்கு ஆகும் செலவில் முப்பதுக்கு மேற்பட்ட நகரங்களில் ஒவ்வொரு நல்ல பள்ளிக்கூடம் கட்டலாம் என்று கணக்குக் காட்டினார். தளபதியாயிருந்து யுத்தத்தை நடத்தியவர் ஆதலின் அவருக்குக் கணக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அவர் கணக்குச் சொன்ன அந்த வருஷத்தில் ஆயிரத்துச் சொச்சமாக இருந்த அமெரிக்க அணு ஆயுதங்கள், 1960-ல் பதினெட்டாயிரத்தைத் தாண்டின. 1940 முதல் 1996 வரை அமெரிக்கா அணு ஆயுதங்களுக்காகச் செலவிட்ட தொகை ஐந்தரை லக்ஷம் கோடி டாலர் என்று அந்நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 1998-ல் கணித்தார்கள். இரு தரப்பும் பிற நாடுகளும் சேர்ந்து 1986 வாக்கில் வைத்திருந்த ஆயுதங்கள் சுமார் 70,000. இத்தனை குண்டுகளைப் போடுவதற்கு உலகத்தில் நகரங்கள் இல்லை.

பல் சொன்ன சாட்சியம்

இந்த இருட்டில் வெளிச்சம் எங்கிருந்து வந்தது? மந்திரிகளிடமிருந்து அல்ல. அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரத்தில் சில டாக்டர்களும் விஞ்ஞானிகளும் இல்லத்தரசிகளும் கூடி 1958 இறுதியில் ஒரு காரியம் தொடங்கினார்கள். சோதனைத் தூளில் இருக்கும் ஸ்ட்ரான்ஷியம் என்னும் கதிரியக்கப் பொருள் உடலுக்குள் சுண்ணாம்புச் சத்தைப்போலவே நடந்துகொள்ளும். பால் வழியே சென்று எலும்பிலும் பல்லிலும் பதியும். அப்படியானால் குழந்தைகளுக்கு விழும் பால் பற்களைச் சேகரித்துச் சோதித்தால் உண்மை தெரியுமன்றோ? தாய்மார்கள் பற்களை அனுப்பினார்கள். பல் கொடுத்த குழந்தைக்கு ஒரு சட்டை வில்லை பரிசு. 1970 வரை ஏறக்குறைய மூன்று லக்ஷம் பற்கள் சேர்ந்தன. 1961-ல் வெளியான முதல் முடிவுகளே, சோதனைகள் பெருகப் பெருகக் குழந்தைகளின் பல்லில் அந்த விஷமும் பெருகியதைக் காட்டின. சர்க்காரின் இரகசியக் கட்டுகள் சொல்லாததைக் குழந்தையின் பல் சொல்லிற்று. அந்த வருஷம் நவம்பர் 1-ந் தேதி அறுபது நகரங்களில் பெண்கள் வேலையை நிறுத்தி வீதிக்கு வந்தார்கள்.

இந்த வரலாற்றில் நம்மவருக்கும் பங்குண்டு. காந்தியடிகள் 1946-லேயே ஹரிஜன் பத்திரிகையில், குண்டை எதிர்க்குண்டால் அழிக்க முடியாது என்ற கருத்தை எழுதினார். பிகினிச் சாம்பல் விழுந்து ஒரு மாதத்தில், 1954 ஏப்ரல் 2-ந் தேதி, பிரதம மந்திரி ஜவாஹர்லால் நேரு லோக் சபையில் எழுந்து, முழு உடன்பாடு காணும்வரை சோதனைகளையாவது நிறுத்தி வையுங்கள் என்று வல்லரசுகளை வேண்டினார். சோதனை நிறுத்தம் என்ற யோசனையை ஒரு சர்க்காரின் தலைவர் உலகத்தின் முன் வைத்தது அதுவே முதல் தடவை. 1962 செப்டம்பரில் ராஜாஜி தமது எண்பத்து மூன்றாவது வயதில் காந்தி சமாதான நிலையத்தின் தூதுகோஷ்டியில் வாஷிங்டன் சென்று ஜனாதிபதி கென்னடியைச் சந்தித்துச் சோதனைகளை நிறுத்துமாறு வாதாடினார். அடுத்த மாதமே கியூபா விவகாரத்தில் இரு வல்லரசுகளும் உலகத்தைப் படுகுழியின் விளிம்புக்குக் கொண்டுபோயின. அந்த அதிர்ச்சியும், தாய்மார்களின் கிளர்ச்சியும், விஞ்ஞானிகளின் சாட்சியமும் சேர்ந்து 1963 ஆகஸ்டு 5-ந் தேதி மாஸ்கோவில் ஓர் உடன்படிக்கையைப் பிறப்பித்தன. வானவெளியிலும் நீருக்கடியிலும் அணு வெடிப்புகள் கூடாதென்று அமெரிக்காவும் ருஷியாவும் பிரிட்டனும் கையொப்பமிட்டன. இந்தியாவும் தாமதமின்றிச் சேர்ந்தது. பூமிக்கடியில் சோதனைகள் தொடர்ந்தன என்பது உண்மை. ஆயினும் அதன்பின் பிறந்த குழந்தைகளின் பற்களில் விஷம் குறைந்தது. ஜனங்களின் குரல் வல்லரசுகளின் காதில் ஏறாது என்று சொல்வோருக்கு இது போதிய பதில்.

எதிர்வாதம்

குண்டு இருந்ததனால்தானே பெரிய யுத்தம் மூளவில்லை என்று கேட்கலாம். இரு வல்லரசுகளும் நேரே மோதவில்லை என்பதை நாம் மறுக்கவில்லை. கொரியாவிலும் வியட்நாமிலும் ஆப்கானிஸ்தானத்திலும் பிறர் மண்ணில் மோதின. அங்கே செத்த லக்ஷோப லக்ஷம் பேருக்கு அந்தச் சமாதானம் பயன்படவில்லை. மேலும், யுத்தம் மூளாததற்குக் குண்டு மாத்திரம் காரணமா? 1983 செப்டம்பர் 26-ந் தேதி இரவு, அமெரிக்கா ஏவுகணைகளை எய்துவிட்டது என்று ருஷிய எச்சரிக்கை யந்திரங்கள் அலறின. பொறுப்பிலிருந்த பெட்ரோவ் என்ற அதிகாரி யந்திரத்தை நம்பவில்லை. தவறான எச்சரிக்கை என்று மேலிடத்துக்குச் சொன்னார். மேகத்தில் பட்ட சூரிய ஒளியை யந்திரம் ஏவுகணை என்று கொண்டுவிட்டது என்பது பின்னர்த் தெரிந்தது. ஒரு மனிதனுடைய நிதானத்தில் தொங்கிய சமாதானத்தை ஆயுதத்தின் வெற்றி என்று கொண்டாடுவது, கிணற்று விளிம்பில் தூங்கி விழாமல் எழுந்தவன் கிணற்றுக்கு நன்றி சொல்வது போலாகும்.

நமது பொறுப்பு

பிறர் குற்றங்களை எடுத்துச் சொன்னபின் நம் தேசத்தைப் பற்றிச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1974-லும் 1998-லும் இராஜஸ்தானத்தில் பொக்ரான் மண்ணுக்கடியில் நாமும் வெடித்தோம். அண்டை நாடுகள் ஆயுதம் தாங்கி நிற்கையில் நாம் வெறுங்கையோடு நிற்க முடியுமா என்று கேட்போரின் கவலை பொய்க் கவலையன்று. ஆனால் 2014-ல் நடந்ததை நம்மில் எத்தனை பேர் கவனித்தோம்? அந்த மார்ஷல் தீவு ஜனங்கள், நிராயுதப் பேச்சை நடத்தும் கடமையில் தவறியதாக அணு ஆயுதம் வைத்துள்ள ஒன்பது நாடுகள் மீதும் சர்வதேச நீதிமன்றத்தில் முறையிட்டார்கள். அந்நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்றிருந்த பிரிட்டன், பாகிஸ்தான், இந்தியா ஆகிய மூன்றின் மீது மட்டுமே வழக்கு நடந்தது. பிகினியில் வெடித்த தேசம் கூண்டில் ஏறவில்லை. பிகினிக்காகப் பரிந்து பேசிய தேசம் ஏறிற்று. நமது வக்கீல்கள் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று வாதித்தார்கள். 2016 அக்டோபர் 5-ந் தேதி, கட்சிகளுக்குள் தகராறு இருந்ததாக நிரூபணமாகவில்லை என்று ஒன்பதுக்கு ஏழு என்ற கணக்கில் வழக்குத் தள்ளுபடியாயிற்று. சட்டப்படி நாம் ஜயித்தோம். 1954-ல் அந்த மீனவர்களுக்காக நேரு எழுந்து நின்ற சபையை நினைக்கும்பொழுது அந்த ஜயம் நமக்கு இனிக்கவில்லை.

இன்றைய நிலைமையும் கவலைக்குரியதே. நடுத்தர தூர ஏவுகணைகளை ஒழித்த 1987-ஆம் வருஷத்து உடன்படிக்கை 2019-ல் முறிந்தது. எல்லாச் சோதனைகளையும் தடுக்கும் 1996-ஆம் வருஷத்து உடன்படிக்கை இன்னும் அமுலுக்கு வரவில்லை. அமெரிக்கா அதை ஊர்ஜிதம் செய்யவில்லை, ருஷியா தான் கொடுத்த ஊர்ஜிதத்தை 2023-ல் திரும்பப் பெற்றது, இந்தியா கையெழுத்திடவில்லை. ஆயுதங்களின் தொகை பழைய உச்சத்திலிருந்து பன்னிரண்டாயிரம் அளவுக்கு இறங்கியிருக்கிறது. ஆனால் இறங்கச் செய்த உடன்படிக்கைகள் ஒவ்வொன்றாக உதிர்கின்றன.

பூரண நிராயுதம் நாளைக்கே வந்துவிடும் என்று நாம் மனப்பால் குடிக்கவில்லை. வல்லரசாயினும் நல்லரசாயினும் எந்தச் சர்க்காரிடமும் ஜனங்கள் இன்றே கேட்டுப் பெறக்கூடியவை இரண்டு உண்டு. ஒன்று, இனி எவர் மண்ணிலும் எவர் கடலிலும் சோதனை வெடிப்பு இல்லை என்ற உறுதி. இதை நம் தேசம் 1998 முதல் தானாக அனுஷ்டித்து வருகிறது, அதைச் சட்ட ஒப்பந்தமாக்கத் தயங்க வேண்டியதில்லை. மற்றொன்று, காற்றிலும் நீரிலும் பாலிலும் என்ன கலந்திருக்கிறது என்பதை அறியும் உரிமை. இராணுவ இரகசியம் என்ற திரை குண்டின் அமைப்பை மறைக்கலாம்; குடிநீரின் குணத்தை மறைக்கக்கூடாது. மேலே நாம் விவரித்த கொடுமைகளில் பெரும்பகுதி குண்டினால் மாத்திரம் விளையவில்லை, மௌனத்தினால் விளைந்தது.

கஸாக் நாட்டு ஜனங்கள் 1989-ல் கவிஞர் ஒருவர் தலைமையில் கிளம்பிச் சோதனை நிலையத்தை எதிர்த்தார்கள். 1991 ஆகஸ்டு 29-ந் தேதி, முதல் குண்டு வெடித்து சரியாக நாற்பத்திரண்டு வருஷம் நிறைந்த நாளில், அந்த நிலையம் மூடப்பட்டது. ஸோவியத் கலைந்தபின் தங்கள் மண்ணில் எஞ்சியிருந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட அணு ஆயுதங்களையும் அவர்கள் வேண்டாமென்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். குண்டின் ருசியை அறிந்தவர்கள் செய்த முடிவு அது. அறியாதவர்கள் அவர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.